கத்தாத வீடு

பேயின் தலைக்கு நேர் மேலே எந்நேரமும் எரிகிற விளக்கு ஒன்று வேண்டும் என்று ட்ராய் கெஸ்லர் சொன்னபோது, டெல்மர் ஹாஸ்கின்ஸ் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார்.

"விளக்கா? பேய்க்கா?" மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"வெளியேறும் வழின்னு எழுதி, பச்சையா எரியணும். ரூமுக்கு ஒண்ணு. சட்டம், மிஸ்டர் ஹாஸ்கின்ஸ்."

ட்ராய் தீயணைப்புத் துறை இன்ஸ்பெக்டர். கையில் டார்ச், இடுப்பில் அளவு நாடா. ஒஹையோவின் அந்தச் சின்ன ஊரில் அவன் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டிக்கடைகூடத் திறக்க முடியாது.

"தம்பி, சின்ன வயசுல என் காரேஜுக்கு வந்தியே, அங்க விளக்கு இருந்துச்சா?"

"அது உங்க வீடு. யாரும் கேக்க மாட்டாங்க. இது பிசினஸ்."

டெல்மருக்கு மறக்குமா? பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டு வரும் ஹாலோவீன் சாயங்காலம், தெருவிலேயே எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்துகிறவன் ட்ராய்தான். ஒரு தடவை கத்திவிட்டு ஓடுவான், திரும்பி வந்து வரிசையில் நிற்பான், மறுபடி கத்துவான். இன்றுவரை டெல்மர் இதைச் சொல்லிக் கேட்காத ஆள் ஊரில் இல்லை. "பயந்து சாகுறான், ஆனா விட முடியல. அதான் கலை," என்பார்.

அந்தக் காரேஜில் பெரிதாக ஒன்றும் கிடையாது. மனைவி நோரீனின் பழைய திரைச்சீலைகள். தோலுரித்த திராட்சை ஒரு கிண்ணத்தில், அது கண். ஆறிப்போன நூடுல்ஸ் இன்னொரு கிண்ணத்தில், அது மூளை. துணி காயவைக்கும் மெஷினுக்குள் ஒற்றை ஷூவைப் போட்டு ஓடவிட்டால் தொம் தொம்மென்று இதயம் துடிக்கும். புல்வெட்டும் மெஷினின் பெட்ரோல் வாசனையும் வாசலில் குவித்த ஈர இலைகளின் வாசனையும் சேர்ந்து வரும். முகத்தில் மாவு பூசிக்கொண்டு டெல்மர் சவப்பெட்டியிலிருந்து எழுவார். தெருவே அலறும். பின்வாசலில் நோரீன் மடியில் பிரம்புக் கூடையோடு உட்கார்ந்து, வெளியே ஓடிவரும் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுப்பாள். மற்ற நாளெல்லாம் அட்டைப்பெட்டி ஃபாக்டரியில் இரவு ஷிஃப்டில் அட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்த மனிதர், அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் வருஷம் முழுக்க மூச்சு விட்டார்.

அந்த அலறலை நம்பித்தான் வேலையை விட்டார். டிக்கெட் போட்டுப் பேய் வீடு நடத்த, மூடிக்கிடந்த செருப்புக் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்தார்.

"ஒரு சீசன். ஓடலைன்னா ஷிஃப்டுக்குத் திரும்பணும். சூப்பர்வைசர்கிட்ட உன் இடத்தை வச்சிருக்கச் சொல்லிட்டேன்," என்றாள் நோரீன்.

"அந்தப் பசை நாத்தத்துக்கு மறுபடி போக மாட்டேன். செத்தாலும் போக மாட்டேன்."

"செத்தா இங்கயே வேலை இருக்கு. படுத்துக்க."

பச்சை விளக்குகள் வந்தன. அந்த வெளிச்சத்தில் பேய்கள் காய்கறிக் கடையில் நிற்பதுபோலத் தெரிந்தன. இருட்டு போனால் என்ன, புகை இருக்கிறதே என்று டெல்மர் புகை மெஷின் வாங்கினார். முதல் சோதனையிலேயே தீ எச்சரிக்கை மணி அடித்தது. மணி அடித்தால் எல்லாக் குழல் விளக்குகளும் தானாக எரிய வேண்டும் என்பதும் ட்ராய் போட்ட விதிதான். எரிந்தன. சுவரில் 'குழந்தைகள் காலணி' என்ற பழைய எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

புகையை எடுத்துவிட்டுப் பேயை அதிகமாக்கினார். ஃபாக்டரி நண்பன் வெண்டெல் சங்கிலி கழற்றிய ரம்ப மெஷினோடு வந்து சேர்ந்தான். உடனே இன்ஷூரன்ஸ்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். பேய் யாரையும் தொடக்கூடாது, கையெட்டும் தூரத்துக்குள் வரக்கூடாது, ஒவ்வொரு அறை வாசலிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

டெல்மர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். 'இந்த அறையில் இடதுபக்கமிருந்து ஒருவர் ரம்பத்துடன் வருவார். இதய நோயாளிகள் வலதுபக்கம் போகவும்.'

"அப்ப எல்லாரும் வலதுபக்கம்தான போவாங்க?" என்றான் வெண்டெல்.

"அப்ப நீ வலதுபக்கத்துலேர்ந்து வா."

"போர்டுல இடதுன்னு இருக்கே. கேஸ் போடுவாங்க, டெல்மர்."

திறப்பதற்கு முந்தின நாள் நோரீன் கடையிலிருந்து மூட்டையோடு வந்தாள். எல்லாம் முழுநீளச் சாக்லேட். தெருவில் மற்ற வீட்டுக்காரர்கள் விரல் நுனி அளவு கொடுப்பார்கள். முழுசு கிடைக்கிற வீட்டைப் பிள்ளைகள் சாகும்வரை மறக்காது.

"இதெல்லாம் இனி வேண்டாம்," என்றார் டெல்மர். "அது வீடு, இனாமாக் குடுத்தோம். இங்க பயம்தான் நம்ம சரக்கு. சாக்லேட் இல்ல."

நோரீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாவு பூசிய முகத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா யோசிச்சுட்டியா?"

"யோசிச்சாச்சு."

"சரி." மூட்டையைத் திரும்பக் கார் டிக்கியில் வைத்தாள்.

முதல் நாள் வந்தவர்களில் பாதிப்பேர் காரேஜுக்கு வந்து வளர்ந்த பிள்ளைகள். இப்போது தொந்தியோடும் மனைவியோடும் வந்தார்கள். டெல்மர் சவப்பெட்டியிலிருந்து எழுந்தார்.

யாரும் கத்தவில்லை.

"ஹாய் மிஸ்டர் ஹாஸ்கின்ஸ்! முதுகு வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள்.

மறுநாள் அவர் முகமூடியை மாற்றினார். அதிலும் அடையாளம் கண்டுபிடித்தார்கள். குரலை மாற்றினார், இருமல் வந்தது, ஒரு பெண்மணி தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். வெண்டெல் ரம்பத்தோடு பாய்ந்தபோது ஒருவன், "இதை விக்கிறீங்களா? என் மரம் ஒண்ணு சாஞ்சு கிடக்கு," என்று கேட்டான். கத்தாத வீட்டுக்குக் காசு கொடுத்து யார் வருவார்கள்? கடைசி நாள் சாயங்காலம் வாசல் காலியாக இருந்தது.

அப்போது ட்ராய் வந்தான். சீருடை இல்லை, அளவு நாடா இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

டெல்மர் சவப்பெட்டிக்குள் மூச்சை அடக்கிக் காத்திருந்தார். இவன் கத்தினால் போதும். ஊரிலேயே அதிகம் பயந்தவன் இவன்தான். காலடி பக்கத்தில் வந்ததும் மூடியைத் தூக்கி எறிந்து, முப்பது வருஷப் பசி முழுக்கக் குரலில் வைத்து அலறினார்.

ட்ராய் குனிந்து கீழே பார்த்தான். "மூடி பாதையில விழுதே, மிஸ்டர் ஹாஸ்கின்ஸ். யாராவது தடுக்கி விழுவாங்க."

டெல்மர் பேய் வேஷத்துக்கு மாட்டிய பொய்ப்பல்லைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவனோடேயே நடந்து பின்வாசலுக்கு வந்தார். நோரீன் அங்கே வெறுங்கையோடு நின்றிருந்தாள்.

"திங்கக்கிழமை ஷிஃப்டுக்குப் போறேன்," என்றார். "கை விட்டுப் போச்சு, நோரீன். பயமுறுத்த வரல. வயசாச்சு."

நோரீன் காருக்குப் போனாள், டிக்கியைத் திறந்தாள். வெள்ளைத் துணி போட்டு மூடிய பழைய பிரம்புக் கூடையை எடுத்துக்கொண்டு வந்து, பின்வாசல் படியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ட்ராய் கூடையைப் பார்த்தான். அடுத்த நொடி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ! அம்மா!" என்று தெரு அதிரக் கத்தினான். உள்ளேயிருந்து வெண்டெல் ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

டெல்மரின் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா நோரீன்! பயம் உள்ள இறங்கிக் கொஞ்சம் லேட்டா வருது! அவ்வளவுதான்! ஃபாக்டரியாவது மண்ணாவது!"

ட்ராய் அதற்குள் படியருகே போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"நோரீன் ஆன்ட்டி, ரூல் மாறலையே? கத்தினா முழுசு, கத்தலைன்னா புளிப்பு மிட்டாய்தானே?"