நாடா, நாற்காலியா?

நியூசிலாந்து இன்னிங்ஸ் முடிந்து விளம்பரம் ஓடத் தொடங்கியதுமே ருக்கு எழுந்தாள். கொடியில் காய்ந்த துணியையெல்லாம் அள்ளி வந்து ஜெகநாதனின் பிரம்பு நாற்காலியில் கொட்டினாள். முகம் கழுவிக்கொண்டு வந்த ஜெகநாதன் உட்கார இடமில்லாமல் நின்றார்.

"என்ன இது?"

"துணி."

"துணின்னு தெரியுது. நான் எங்க உக்கார்றது?"

"அதைத்தான் பேசணும்" என்றாள் ருக்கு. மேட்ச் பார்க்க வந்திருந்த பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வைஜெயந்தி, பொரிகடலைக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு காலண்டரைப் படிக்க ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். நம் ஆட்கள் நியூசிலாந்து போயிருந்தார்கள். மூன்றே ஒருநாள் மேட்ச், குட்டி டூர். முதல் மேட்சில் தோற்றார்கள். அதை ஜெகநாதன் ஒரு பந்து விடாமல் பார்த்தார். இரண்டாவதில் ஜெயித்தார்கள். அன்று அவர் ஆபீஸ் வேலையாக வடக்குக் கோடித் தீவில் இருக்கும் திக்லிபூரில், சிக்னலே இல்லாத ஒரு பாலத்துக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார். இன்று ஞாயிற்றுக்கிழமை, கடைசி மேட்ச். விடிந்ததிலிருந்து நாற்காலியை விட்டு எழவில்லை. நியூசிலாந்து முந்நூற்றுப் பன்னிரண்டு அடித்திருந்தது.

"உங்க ராசி அப்படி. கோவிச்சுக்காதீங்க" என்றாள் ருக்கு.

"அடி போடி! நியூசிலாந்து எங்க இருக்கு, நம்ம போர்ட் பிளேர் மின்னி பே எங்க இருக்கு? நான் இங்க உக்கார்றது அந்த பேட்ஸ்மேனுக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷம் நான் அடுப்புல பாலை வச்சுட்டு வாசப்படியில வந்து நின்னப்ப ஃபோர் அடிச்சான். பார்ட்னர்ஷிப் முடியற வரைக்கும் அசையாதேன்னு ஒரு மணி நேரம் என்னை நிக்க வச்சீங்களே. பால் தீஞ்சு பாத்திரம் ஓட்டையாச்சு. அப்ப மட்டும் நியூசிலாந்து பக்கத்துல வந்துருச்சா?"

ஜெகநாதனுக்கு வாய் அடைத்துப் போனது. அவருடைய வாழ்க்கையில் அது அபூர்வமான சம்பவம். அந்தப் பார்ட்னர்ஷிப் நூற்றிருபது ரன் வந்தது என்பதும், அது ருக்குவின் கால் வலியால்தான் வந்தது என்பதும் அவர் மனமார நம்பிய விஷயங்கள்.

"சரி, ஒரு டெஸ்ட் வச்சுப் பாப்போம்" என்றாள் ருக்கு. "நீங்க வெளிய போங்க. இன்னைக்குத் தோத்துட்டா, ராசி கீசி எல்லாம் பொய். நாற்காலி உங்களுக்கே. ஜெயிச்சுட்டா, இனிமே எந்த டூர் நடந்தாலும் மேட்ச் அன்னிக்கு நீங்க வீட்ல இருக்கக் கூடாது."

"இது அநியாயம்!"

"வைஜெயந்தி சாட்சி."

வைஜெயந்தி காலண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிய பிறகுதான் ஜெகநாதனுக்கு விபரீதம் உறைத்தது. இந்தியா ஜெயித்தால் ஆயுளுக்கும் நாற்காலி போச்சு. நாற்காலி வேண்டுமென்றால் இந்தியா தோற்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில், தெருமுனைப் பிள்ளையார் முன்னால் நின்று எதைக் கேட்பது என்று தெரியாமல், கன்னத்தில் மட்டும் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினார். மனசு ஆறவே இல்லை. சொந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டவனுக்கு வேறெப்படி இருக்கும்?

எங்கே போவது? கடலுக்கு அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஜெய்னுதீன் ஞாபகம் வந்தது. முப்பது வருடச் சிநேகிதன், பேச்சுத் துணைக்கு ஆகும். சாத்தம் ஜெட்டியில், அதாவது படகுத் துறையில், ஃபெர்ரி ஏறும்போது போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

ஃபெர்ரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காளி இளைஞன் போனில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெகநாதன் கடலைப் பார்த்தார். கடலில் பார்க்க ஒன்றுமில்லை. கண் தானாகத் திரும்பியது.

"இந்த பௌலர் நியூ பால்ல உள்ள கொண்டு வருவான் பாய், அந்தர் ஆயேகா" என்று ஆரம்பித்தார். "ஃப்ரன்ட் ஃபுட் போடக் கூடாது. போன மேட்ச்லயே சொன்னேன். எவன் கேக்குறான்? ஃபைன் லெக்கை ஏன் உள்ள நிறுத்தியிருக்கான்? தேக்கோ, தேக்கோ..."

ஸ்டம்ப் எகிறியது. இளைஞன் அவரை ஒரு பார்வை பார்த்தான்.

"தாதா, ஆப் ஜரா உதர் பைட்டியே" என்று, அங்கே போய் உட்காரச் சொல்லிப் படகின் அந்தக் கோடியைக் காட்டினான். அங்கே ஒரு வாழைத்தாரும் இரண்டு ஸ்கூட்டரும்தான் இருந்தன.

ஊர் பேர் தெரியாதவனுக்குக்கூட நம் ராசி தெரிந்துவிட்டதே என்று நொந்தபடி ஜெகநாதன் வாழைத்தாருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

கரையில் இறங்கியதும் ஒரு டீ குடித்தால் தேவலை என்றிருந்தது. ஜெட்டியை ஒட்டிய பழனிசாமி டீக்கடையில் டிவி ஓடியது. பத்துப் பன்னிரண்டு பேர் மூச்சு விடாமல் நின்றிருந்தார்கள். ஜெகநாதன் டிவிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். முதுகைக் காட்டினால் ராசி வேலை செய்யாது என்று அவரே ஒரு விதி செய்துகொண்டிருந்தார். ஆனால் முதுகுக்குக் காது உண்டே.

"ஸ்பின்னர் வந்துட்டானா? இப்ப ஸ்வீப் ஆடுவான் பாருங்க. ஆடவே கூடாது. பந்து திரும்பாத பிட்ச்ல எதுக்குய்யா ஸ்வீப்? எங்க காலத்துல நேதாஜி ஸ்டேடியத்துல நான் ஆடினப்ப..."

"அவுட்!" என்று கடையே அலறியது.

பழனிசாமி கிளாஸை நீட்டினார். "அண்ணே, டீக்குக் காசு வேணாம். குடிச்சுக்கிட்டே நடங்க. கிளாஸை நாளைக்குக் குடுத்தாப் போதும்."

ஜெகநாதன் டீ கிளாஸோடு பாம்பூஃப்ளாட் ரோட்டில் நடந்தார். இவ்வளவு தெளிவான ராசி யாருக்கும் அமைந்ததில்லை என்று தோன்றியது. ஒரு பக்கம், தன்னால் மேட்ச் போய்விடுமோ என்று நடையை எட்டிப் போட்டார். இன்னொரு பக்கம், இரண்டு விக்கெட் போய்விட்டதால் நாற்காலி திரும்பி வரும் போலிருக்கிறதே என்று ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. சே, துரோகி என்று தன்னையே வைதுகொண்டார்.

ஜெய்னுதீனின் கடை பாதி ஷட்டர் போட்டிருந்தது. பின்னாலேயே வீடு. உள்ளே தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மனைவி சம்சாத் வெளியே வந்தாள்.

"வாங்கண்ணே. ருக்கு மதினி வரலையா?"

"அவ வீட்ல மேட்ச் பாக்குறா. பாய் எங்கம்மா?"

சம்சாத் முந்தானையைத் திருத்திக்கொண்டாள். "அவுக போர்ட் பிளேர்ல ஒரு வேலையாப் போயிருக்காக. வர நேரமாகும். உக்காருங்கண்ணே, உள்ள..."

"உள்ள வேணாம்மா. எனக்கு ராசி சரியில்ல." விவரத்தைச் சொன்னார். சம்சாத்துக்கு ஏனோ இருமல் வந்தது.

கடையில் அரிசி மூட்டை மேல், தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அதாவது ஒரு ஓவர். பிறகு உள்ளே கேட்ட கமென்டரியை வைத்தே, தெருவில் போகிற ஆட்டுக்குட்டியைப் பார்த்தபடி ஆட்டத்தை நடத்த ஆரம்பித்தார். "சிங்கிள் எடு! சிங்கிள் எடுத்தாப் போதும்! சம்சாத், இப்ப பவர் ப்ளே முடிஞ்சுதுல்ல, அதுன்னா என்னன்னு சொல்றேன் கேளு..."

சம்சாத் வந்து நடுக்கதவைச் சாத்திவிட்டுப் போனாள். ராசி உள்ளே வராமல் இருக்கத்தான் என்று ஜெகநாதன் புரிந்துகொண்டார். குரலைக் கொஞ்சம் உயர்த்திப் பேச வேண்டியதாயிற்று.

ஆட்டம் இழுத்துக்கொண்டு போய் மதியமாகிவிட்டது. கடைசி ஓவர், பத்து ரன் வேண்டும் என்கிற கட்டத்தில் கரண்ட் போனது.

"யா அல்லா!" என்று உள்ளே ஒரே கூச்சல். எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். ஒருத்தர் போனிலும் சிக்னல் இல்லை. ஜெகநாதனுடைய போனில் மட்டும் இரண்டு கோடு இருந்தது.

"நான் பாக்க மாட்டேன். நீங்க பாருங்க" என்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடினார். படம் விட்டு விட்டு வந்தது. விட்ட இடத்தையெல்லாம் ஜெகநாதன் நிரப்பினார்.

"யார்க்கர்தான் போடுவான். கிரீஸுக்குள்ள நில்லுன்னு சொல்லணும். இந்த லெஃப்ட் ஹேண்டருக்கு மிட் விக்கெட்தான் பலம், ஆனா காத்து எதிர்க்க அடிக்குது..."

"அண்ணே" என்றாள் சம்சாத். போனை அவர் கையிலிருந்து மெதுவாகப் பிரித்தெடுத்தாள். "தெரு முக்குல ஒரு தென்னை மரம் இருக்கு பாருங்க. அங்க போயி நிக்கிறீங்களா? உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தென்னை மரத்தடியில் நின்றவருக்குக் கொஞ்ச நேரத்தில் தெருவெல்லாம் கூவியது கேட்டது. ஜெட்டிப் பக்கம் பட்டாசு வெடித்தது. ஜெயித்துவிட்டார்கள். ஜெகநாதன் இரண்டு கையையும் தூக்கித் துள்ளினார். துள்ளியவர் தரைக்கு வரும்போது நாற்காலி ஞாபகம் வந்தது. கண் கலங்கிவிட்டது. டூர் ஜெயித்த சந்தோஷத்தில் ஒரு மனுஷன் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுவதை அந்த ஆட்டுக்குட்டி மட்டும் பார்த்தது.

சம்சாத்திடமிருந்து போனை வாங்கிக்கொண்டு, திரும்பிப் போக ஜெட்டிக்கு வந்து ஃபெர்ரிக்காக வெகு நேரம் நின்றார். அந்தக் கரையிலிருந்து வந்த ஃபெர்ரியிலிருந்து ஜெய்னுதீன் இறங்கி வந்தார். தலை கலைந்து, ஒரு பக்கக் கன்னத்தில் பிரம்புப் பின்னல் பதிந்திருந்தது.

"பாய்! எங்கய்யா போனீரு? போனை எடுக்கல?"

"சம்சாத் வெளிய போகச் சொல்லிட்டா ஜெகா. என் ராசிக்கு மேட்ச் தோக்குதாம். சரி, உம்ம வீட்ல உக்காந்து பாக்கலாம்னு வந்தேன். நீரு இப்பத்தான் கிளம்புனீருன்னு ருக்கு மதினி சொல்லிச்சு. நாற்காலித் துணியை எடுத்துட்டு என்னை உக்கார வச்சுச்சு. ராசாத்தி!"

ஜெகநாதன் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "உமக்கும் ராசி இல்லையா? நீரு என் நாற்காலியில உக்காந்தும் ஜெயிச்சாங்களா?"

"ஜெயிச்சாங்களே. மதினி கை தட்டுச்சே."

"அப்ப ராசிங்கிறதே பொய்யி! பொய்யி பாய்!" ஜெட்டியில் எல்லோரும் பார்க்க அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஃபெர்ரி முழுக்க, கோர்ட்டில் வாதாடப் போகிற வக்கீல் போல வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தார்.

வீட்டில் வைஜெயந்தி இன்னும் இருந்தாள். ருக்கு துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. ஜெகநாதன் நின்றபடியே வாதத்தை முன்வைத்தார். "ராசியில்லாத ஆளு உள்ள உக்காந்தும் ஜெயிச்சாச்சு. ஆக, ராசின்னு ஒண்ணு கிடையாது. ஆக, நாற்காலி எனக்கு."

ருக்கு யோசித்தாள். "சரிதான். ராசி இல்ல. ஒத்துக்கறேன்."

இவ்வளவு சுலபமாக ஜெயிப்போம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார். டிவியில் ஹைலைட்ஸ் ஓடியது.

"இந்த கடைசி ஓவரை அவன்கிட்ட குடுத்ததே தப்பு. ஏன் தெரியுமா? காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாரு ருக்கு..."

ருக்கு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை ஏற்றினாள். இன்னும் ஏற்றினாள். அதற்கு மேல் ஏறவில்லை. ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"அடுத்த மாசம் இங்கிலாந்து டூர் இருக்குல்ல. ஜெய்னுதீன் அண்ணனை வரச் சொல்லிட்டேன். நீங்க பாம்பூஃப்ளாட் போயிட்டு வாங்க."

"எதுக்கு? ராசிதான் பொய்யின்னு ஆயிருச்சே! அவன் வந்து என்னத்தைப் பாக்கப் போறான்?"

"அவர் எங்க பாத்தாரு? உக்காந்த அஞ்சாவது நிமிஷம் குறட்டை. மேட்ச் முடிஞ்சு நாந்தான் எழுப்பினேன்."

"பாத்தியா! மேட்ச் முழுக்கக் குறட்டை விட்டவனை எதுக்குடி மறுபடி கூப்பிடறே?"

வைஜெயந்தி பொரிகடலைக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"குறட்டைக்கு மேல டிவி சத்தத்தை வச்சுக்கலாம்ணே. உங்களுக்கு மேல வைக்க அந்த ரிமோட்ல நம்பர் இல்ல."