திடீர்ப் பயிற்சி

ஜீப்பின் பின்சக்கரங்கள் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றின. வண்டி முன்னால் நகரவில்லை. நிதானமாக, யாரோ நாற்காலியில் உட்காருவதுபோல, கீழே இறங்கியது.

மெரில் இன்ஜினை அணைத்துவிட்டுக் கதவைத் தள்ளினார். கதவு பாதிதான் திறந்தது. மீதியை மணல் தடுத்தது.

வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். முன்னும் பின்னும் பார்த்தார். சிவப்புப் பாறைகளும் வறண்ட ஓடையும் ஒற்றை ஜூனிப்பர் மரமும் தவிர யாரும் இல்லை. அந்த ஒன்றுதான் ஆறுதல்.

வியாழக்கிழமை, மெரில் தலைவராக இருக்கும் ஜீப் சங்கத்தின் பயணம். மூன்று நாள், இரண்டு இரவு, ஒன்பது வண்டிகள். குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து மெரில் போட்ட திட்டம். அதிகம் குடிக்கிற வண்டிக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும், எந்தப் பாறை நிழலில் மதியச் சாப்பாடு, கழிப்பறைப் பெட்டியை யார் வண்டியில் ஏற்றுவது என்று ஒன்றுவிடாமல் யோசித்திருந்தார். கழிப்பறைப் பெட்டிக்கு மட்டும் இரண்டு கூட்டம் ஆயிற்று.

பாதை எது என்பதைத்தான் யாருக்கும் சொல்லவில்லை. புறப்படுகிற அன்று காலையில்தான் தலைவர் பாதையை அறிவிப்பார். அது சங்கத்தின் வழக்கம். வீட்டில் லாரீயிடம் மட்டும் சொல்லியிருந்தார். மனைவியிடம் சொல்வது சொன்னதாகக் கணக்கில் வராது. லாரீ ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். சங்கத்தில் அத்தனை பேர் தலையும் அவள் கையில்தான் குனியும்.

மெரிலின் ஜீப் பின்கதவில் அவரே பெயின்ட் அடித்த இரண்டு விதிகள் இருந்தன. 'தனியாகப் போகாதே.' 'மணலில் இறங்குமுன் டயரில் காற்றைக் குறை.'

இன்று பாதையை முன்கூட்டிப் பார்த்துவைக்கத் தனியாக வந்திருந்தார். காற்றையும் குறைக்கவில்லை. காற்றுப் பம்பை மச்சான் டெல் இரவல் வாங்கிப் போயிருந்தான். காற்றைக் குறைத்துவிட்டால் மறுபடி நிரப்பாமல் நெடுஞ்சாலையில் வீடு திரும்ப முடியாது. ஒரே ஒரு வளைவுதானே, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்தார். இருபது வருடமாக அடுத்தவர்களை அவர் திட்டிவந்தது இந்த ஒரு நினைப்புக்காகத்தான்.

பிரச்சினை மணல் இல்லை. பிரச்சினை பட்டை.

சங்கம் கூடுகிற பீட்சா கடைச் சுவரில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஓர் இழுவைப் பட்டை தொங்குகிறது. சங்கத்து வண்டி எதுவாவது சிக்கி, வேறு எந்த வண்டியாலாவது இழுக்கப்பட்டால், அந்தப் பட்டையை முகப்பில் கட்டிக்கொண்டு அடுத்த வருடம்வரை ஓடவேண்டும். பட்டை கட்டிய வண்டி வரிசையில் கடைசியாக, எல்லாருடைய புழுதியையும் தின்றுகொண்டு வரவேண்டும். 'பயணமானாலும் சரி, ஒத்திகையானாலும் சரி' என்ற வரியைச் சண்டை போட்டுச் சேர்த்தவர் மெரில்.

அவர் தலைவரான நாளிலிருந்து அந்தப் பட்டை சுவரைவிட்டு இறங்கியதே இல்லை. கடையில் ஒட்டிய விலைச்சீட்டுகூட அப்படியே இருந்தது. வெளியூர்க்காரர்கள் யாராவது பீட்சா சாப்பிட வந்தால் மெரில் எழுந்துபோய், "அந்தச் சீட்டைப் பாத்தீங்களா? பிரிக்கவே இல்ல" என்று காட்டுவார்.

யாரும் இழுக்கக்கூடாது. அவராகவே வெளியே வந்தாகவேண்டும்.

முதலில் ஜீப்பின் தரையில் விரித்திருந்த ரப்பர்க் கால்மிதிகளை எடுத்துச் சக்கரங்களுக்கு அடியில் செருகி, ஆக்சிலேட்டரை மிதித்தார். மிதிகள் இரண்டும் பின்பக்கமாகப் பறந்துபோய்க் கள்ளிப் புதரில் உட்கார்ந்தன. வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கியது.

அடுத்து, செய்யவேண்டியதைக் காலம் கடந்து செய்தார். டயர்களில் காற்றைத் திறந்துவிட்டார். மூன்று டயர் சரியாக வந்தது. நான்காவதைத் திறந்துவிட்டுக் கள்ளியிலிருந்து மிதிகளைப் பிடுங்கப் போனார். முள் குத்திய விரலைச் சப்பிக்கொண்டு திரும்பி வருவதற்குள் டயர் முழுக்க இளைத்திருந்தது. அவசரத்தில் வண்டியை ஓர் ஆட்டு ஆட்டினார். டயர் சக்கரத்தைவிட்டே கழன்று, செருப்பு மாதிரித் தொங்கியது.

இனிக் காற்றுப் பம்பு இல்லாமல் ஆகாது. பம்பு டெல்லிடம் இருந்தது.

அந்தப் பள்ளத்தாக்கில் செல்பேசிக்கு உயிர் கிடையாது. ரேடியோ உண்டு. ஆனால் ரேடியோவில் பேசினால் ஊர் முழுக்கக் கேட்கும். அதற்கும் மெரில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"டெல், டெல். மெரில் பேசறேன். பன்னண்டாவது சேனலுக்கு வா."

பன்னிரண்டுக்கு மாற்றிவிட்டுக் காத்திருந்தார்.

"சொல்லுங்க மச்சான். ஏன் குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"நான் சொல்றதை அமைதியா கேளு. பம்பை எடுத்துக்கிட்டு உடனே வா. யாருக்கும் தெரியக்கூடாது."

"சிக்கிட்டீங்களா?"

"சிக்கலை. வண்டி கொஞ்சம் தாழ்வா நிக்குது."

"யாரு வண்டி தாழ்வா நிக்குது?" என்றது ஒரு பெண்குரல்.

அது ஷெர்லீன். தலைவர் தேர்தலில் மூன்று முறை அவரிடம் தோற்றவள். சின்ன சுசுகி வைத்திருப்பவள். அந்தச் சுசுகியை மெரில் கூட்டங்களில் 'தகர டப்பா' என்றுதான் குறிப்பிடுவார்.

"ஷெர்லீன், நீ எப்படி இந்தச் சேனல்ல?"

"நீங்க பன்னண்டுக்கு வான்னீங்களே தலைவரே, எல்லாரும் வந்துட்டோம். கிம்பல்கூட இருக்காரு."

"இருக்கேன்" என்றார் பல் டாக்டர் கிம்பல்.

அந்த நொடியில் மெரிலின் வாய் அவரைக் கேட்காமலே பேசியது.

"நல்லது. எல்லாரும் கேட்கணும்னுதான் சொன்னேன். இது ஒரு திடீர்ப் பயிற்சி. வியாழக்கிழமைக்கு முன்னால மணல்ல சிக்கினா என்ன செய்யறதுன்னு காட்டப்போறேன். அதுக்காக வண்டியை வேணும்னே இறக்கி வெச்சிருக்கேன்."

"வேணும்னேவா?" என்றாள் ஷெர்லீன்.

"முடிஞ்சவங்க வாங்க. முடியாதவங்களுக்கு நஷ்டம்."

மைக்கைத் தொங்கவிட்டார். பயப்படத் தேவையில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். பாதை யாருக்கும் தெரியாது. வழி கேட்டுத் திரும்பக் கூப்பிடுவார்கள். ஏதாவது சொல்லிச் சமாளித்துவிட்டு, டெல்லுக்கு மட்டும் ஜாடையாகச் சொல்லிவிடலாம்.

யாரும் கூப்பிடவில்லை.

கூலரிலிருந்த சாண்ட்விச்சைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஓடையின் வாயில் புழுதி எழுந்தது. ஒன்றன்பின் ஒன்றாக எட்டு வண்டிகள். எட்டும் ஜூனிப்பர் மரத்துக்கு இடப்புறமாக ஒதுங்கி, கெட்டியான தரையில், அளவு எடுத்ததுபோல வரிசையாக நின்றன. ஒன்றுகூட மணலில் சக்கரத்தை வைக்கவில்லை.

தன் கவலையையும் மீறி மெரிலுக்கு நெஞ்சு விம்மியது. டயர்த் தடத்தைப் பார்த்தே வந்துவிட்டார்கள். தரையைப் பார்த்தே எது கெட்டி என்று கண்டுகொண்டார்கள். இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியது வீண் போகவில்லை. இவர்கள் எல்லாரும் அவர் ஆக்கிய ஆட்கள்.

"எப்படிடா கண்டுபிடிச்சே?" என்றார் டெல்லிடம்.

டெல் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தான். "ஒரு யூகந்தான் மச்சான்."

எல்லாரும் மடக்கு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். மெரில் மணலிலிருந்து தொப்பியைத் தட்டி எடுத்து மாட்டிக்கொண்டு, புதைந்த ஜீப்பின்மேல் கையை ஊன்றினார்.

"நல்லா பாருங்க. இவ்வளவு ஆழமா ஒரு வண்டியை இறக்கறது சாதாரண வேலை இல்ல."

"தெரியுது" என்றாள் ஷெர்லீன்.

"அந்த டயரு ஏன் கழண்டு தொங்குது?" என்று கேட்டார் கிம்பல்.

"அது ரெண்டாவது பாடம்."

"கள்ளிச்செடில கால்மிதி மாட்டியிருக்கே, அது?"

"மூணாவது. வரிசையா வருவோம், அவசரப்படாதீங்க."

இரண்டாவது பாடம் நன்றாகவே நடந்தது. டெல்லின் பம்பு டயரைச் சக்கரத்தில் உட்காரவைத்தது. நாற்காலிகளிலிருந்து கைதட்டல்கூடக் கேட்டது. மெரில் தலையைச் சாய்த்து ஏற்றுக்கொண்டார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"இப்ப வெளியே எடுத்துக் காட்டுங்க தலைவரே" என்றாள் ஷெர்லீன். "வேற வண்டி தொடக்கூடாது, இல்லையா? பட்டை விதி இருக்கே."

"யாரும் தொடவேண்டாம்" என்றார் மெரில்.

ஜீப்பின் முன்பக்கத்தில் வின்ச் என்ற இழுவை உருளை இருந்தது; அதன் கம்பியைக் கட்ட எதிரே பாறை இல்லை. ஜூனிப்பரில் கட்டினால் மரம் போய்விடும். அந்த விதியும் அவர் போட்டதுதான். ஆகவே உதிரிச் சக்கரத்தைக் கழற்றி, இடுப்பளவு குழிதோண்டிப் புதைத்து, அதில் கம்பியைக் கட்டினார். தோண்டும்போதெல்லாம் விளக்கம் சொன்னார். பாதியில் விளக்கம் நின்று மூச்சு மட்டும் வந்தது. மண்வெட்டியோடு எழுந்த டெல்லை, "உக்காரு, இது பயிற்சி" என்று அடக்கினார்.

பொத்தானை அழுத்தினார். கம்பி விறைத்தது. ஜீப் முனகியது. புதைத்த சக்கரம் கலப்பைபோல மணலை உழுதுகொண்டு மெல்ல ஜீப்பிடம் வந்துசேர்ந்தது. ஜீப் அதை வரவேற்க இருந்த இடத்திலேயே இருந்தது.

"வண்டிக்குப் பதிலா டயர் வந்துடுச்சு" என்றார் கிம்பல், ஒரு பல் விழுந்த செய்தியைச் சொல்கிற மென்மையோடு.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மெரிலைக் கொன்றது. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பார். ஒவ்வொருவரும் தங்கள் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் டிராக்டர் சத்தம் கேட்டது.

இந்தப் பக்கத்தில் எந்தப் பள்ளத்தாக்குக்குப் போனாலும் வாண்டாவின் பண்ணை வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். திறந்த கதவைத் திறந்தபடியும் மூடிய கதவை மூடியபடியும் விட்டுப் போவது மெரிலின் வழக்கம். அவளுக்குக் கையசைத்ததோடு சரி, பேசியதில்லை. வாண்டா தூக்கிய கையோடு டிராக்டரை ஓட்டிவந்தாள். பின்னால் சங்கிலி ஏற்கெனவே மாட்டித் தயாராகத் தொங்கியது.

அவளுடைய நாய் டியூக் முன்னால் ஓடிவந்தது. டெல்லின் கையை நக்கியது. ஷெர்லீனின் மடியில் முன்காலைத் தூக்கி வைத்தது. கிம்பலின் நாற்காலிக்கடியில் புகுந்து வாலாட்டியது. பிறகு மெரிலைப் பார்த்து, கழுத்து மயிர் சிலிர்க்க, விடாமல் குலைக்க ஆரம்பித்தது.

"சும்மா இருடா டியூக்" என்றாள் வாண்டா. "இழுத்துவிடட்டுமா ஐயா?"

மெரில் எட்டு வண்டிகளையும் பார்த்தார். சாயங்கால வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த மனிதர்களை வியாழக்கிழமை மூன்று நாளுக்கு அழைத்துப்போகப் போகிறவர், பொய் சொல்லிக்கொண்டு முன்னால் போகமுடியுமா?

"இழும்மா" என்றார்.

டிராக்டர் ஒரே இழுப்பில் ஜீப்பைக் கெட்டித் தரைக்குக் கொண்டுவந்தது. சங்கிலியை எங்கே மாட்டுவது என்றுகூட வாண்டா கேட்கவில்லை.

மெரில் தொப்பியைக் கழற்றினார்.

"பயிற்சி எதுவும் இல்ல. தனியா வந்தேன், காத்தைக் குறைக்கலை, சிக்கிட்டேன். அவ்வளவுதான். உங்க யாருக்கும் ஆகாதது உங்க தலைவனுக்கு ஆயிடுச்சு. அந்தச் சுவத்துல பட்டை அப்படியே தொங்கினதுக்குக் காரணம் நான்னு இத்தனை நாளா நெனைச்சேன். நீங்கதான். உங்களால எனக்குப் பெருமை."

ஷெர்லீன் எழுந்துபோய்ச் சுசுகியின் பின்கதவைத் திறந்து இளஞ்சிவப்புப் பட்டையை எடுத்துவந்தாள். விலைச்சீட்டு வெயிலில் பளபளத்தது.

"வர வழியில பீட்சா கடைச் சுவத்துலேர்ந்து எடுத்துட்டு வந்தேன்" என்றாள். வழக்கத்துக்கு மாறாக அவள் குரல் இறங்கியிருந்தது. "எதுக்கும் இருக்கட்டும்னு."

"குடு" என்றார் மெரில். அவரே மண்டியிட்டு, சீட்டைக் கிழித்து, ஜீப்பின் முகப்பில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். நிமிர்ந்து நின்றார். "வியாழக்கிழமை நீ முன்னால போ ஷெர்லீன். நான் கடைசியா வரேன். சட்டம்னா எனக்கும் சட்டந்தான்."

யாரும் கைதட்டவில்லை. யாரும் யாரையும் பார்க்கவும் இல்லை. டெல் பம்பின் குழாயைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினான். டியூக் மட்டும் நிறுத்தாமல் மெரிலைப் பார்த்துக் குலைத்துக்கொண்டிருந்தது.

சங்கிலியைச் சுற்றிக்கொண்டிருந்த வாண்டா அந்தப் பட்டையை உற்றுப் பார்த்தாள். "எல்லாரும் ஒண்ணா வந்துட்டீங்க, இனிமே என்ன ரகசியம்னு கேக்கறேன்" என்றாள். "வருஷா வருஷம் பயணத்துக்கு முன்னால ஒவ்வொருத்தரா திருட்டுத்தனமா வந்து சிக்கி, என்கிட்ட இழுத்துவிடச் சொல்றது நீங்க எட்டு பேருந்தானே, பட்டையை மட்டும் இவருக்கு ஏன் கட்டறீங்க? இவரு இன்னிக்குத்தான் முதல் தடவை சிக்கறாரு, அதான் டியூக்குக்கு ஆள் தெரியலை."