அத்தை இடுப்பும் நாலு ஷாக்கப்சரும்

வள்ளியம்மாள் காரிலிருந்து இறங்கவில்லை, எடுக்கப்பட்டார். மகள் தேவயானி ஒரு கையையும், மருமகன் ஹேமநாத் மறு கையையும் பிடித்து இழுக்க, மூன்றாவது இழுப்பில் வெளியே வந்து வாசலில் நின்றார். நின்றதும் இரண்டு கைகளாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, கோச்சுக்காதீங்க. இவ நைனா போனப்புறம் இருபது வருசம் டிராக்டர் மேல குந்தின இடுப்பு இது. அதுல ஒரு நாளும் வலிச்சதில்ல. நகரியிலேர்ந்து சத்தியவேடு வர்றதுக்குள்ள உடம்புல இருக்கிற எலும்பெல்லாம் எண்ணிட்டேன். ரெண்டு கொறையுது."

ஹேமநாத் காரின் கூரையைத் தடவிக் கொடுத்தான்.

அந்தக் காருக்குப் பதினெட்டு வயது. சிவப்பு நிறம். வாலிபத்தில் பந்தயத் தடத்தில் ஓடிய வண்டி என்று விற்றவன் சொன்னான். அவன்தான் அதன் உயரத்தைக் குறைத்திருந்தான். எவ்வளவு என்றால், அடியில் போகிற எறும்பு தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். வளைவில் ஹேமநாத் திருப்பலாமா என்று நினைப்பதற்குள் கார் திரும்பி முடித்திருக்கும். நேர் ரோட்டில்தான் தொல்லை. சக்கரம் ஏறிய பீடித் துண்டு எந்தக் கம்பெனியுடையது என்று சீட்டில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம்.

பக்கத்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் அவன் சூப்பர்வைசர். கம்பெனி பஸ் வீட்டு வாசலுக்கே வரும். அவன் கைகாட்டி அனுப்பிவிட்டுக் காரில் போவான்.

"அடுத்த மாசம் திருமலைக்கு டிக்கெட் எடுத்து வெச்சிருக்குது" என்றாள் தேவயானி. "இதுல அம்மாவ மலைக்குக் கூட்டிக்கினு போனா, சாமிய ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கினுதான் பாக்கணும். உங்களுக்கு நாலு ஞாயித்துக்கெழம டைம். நாலாவது வாரம் அம்மா இடுப்பைப் புடிக்காம இறங்கணும். இல்லன்னா திங்கக்கெழம காலைல கிரண்குமாருக்குப் போன் போட்டுடுவேன்."

கிரண்குமார் திருப்பதியில் பழைய கார் புரோக்கர். பதினைந்து நாளாக அவனே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சிவப்புக் கார்தான் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று ஒரு பார்ட்டி ஒற்றைக்காலில் நிற்கிறதாம்.

"அத்தை, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றான் ஹேமநாத்.

"ஆசையா வெச்சிருக்கிற வண்டி, விக்காதீங்க மாப்ள" என்றார் வள்ளியம்மாள். "என் இடுப்புதானே, போனாப் போவுது."

இதைக் கேட்டதும் தேவயானியின் முகம் இன்னும் இறுகியது.

எலும்பு முறிந்தவர்கள் எந்த ஊரிலிருந்தாலும் புத்தூருக்குப் போவார்கள். ஹேமநாத்தும் அங்கேதான் போனான். அங்கே எத்திராஜ் கார் ஷெட் வைத்திருந்தான். அவனுடைய மாமன் மச்சான் எல்லோரும் மனுஷ எலும்பு கட்டுகிறவர்கள். இவன் மட்டும் காருக்குப் போனான், கார் கத்தாது என்பதால்.

எத்திராஜ் காரின் மூக்கில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, ஒரு அழுத்து அழுத்தினான்.

"முறிவு இல்ல சார். பிடிப்பு."

"சரி பண்ணிடலாமா?"

"சார், சொகுசு வேணும்னா வளைவை விடணும். வளைவு வேணும்னா சொகுசை விடணும். ரெண்டும் வேணும்னா என்னை விடணும்."

ஹேமநாத் அவனை விடவில்லை. எத்திராஜ் முனகிக்கொண்டே நாலு ஸ்ப்ரிங்கையும் கழற்றி, உயரமாக, மெத்தென்று வேறு நாலு போட்டான்.

முதல் ஞாயிறு. ஓட்டிப் பார்க்க நாராயணவனம், நாகலாபுரம் வழியாக சத்தியவேடு ரோடு. வள்ளியம்மாள் தானும் வருவேன் என்றார். "என் இடுப்புக்குத்தானே பாக்குறீங்க? நான் இல்லாம இடுப்பு மட்டுமா வரும்?" கூடவே, பின்சீட்டில் ஒரு சொம்பு தயிர். ஆட்டத்தை அளக்க அது எத்திராஜின் கருவி.

வேகத்தடையில் கார் படகு போல ஏறி இறங்கியது. ஹேமநாத்துக்குச் சந்தோஷம். நாராயணவனம் தாண்டி முதல் வளைவு வந்தது. கார் வலது பக்கம் திரும்பியது, தயிர் இடது பக்கம் திரும்பியது, வள்ளியம்மாளின் புடவை நடுவில் இருந்தது.

"மாப்ள, வண்டி திரும்புச்சு. நான் நேராப் போனேன். நாங்க ரெண்டு பேரும் நாகலாபுரத்துலதான் ஒண்ணு சேந்தோம்."

வீட்டு வாசலில் இரண்டு கையும் இடுப்புக்குப் போயின. தேவயானி ஒரு விரலை மடக்கினாள்.

அந்த வாரமே வள்ளியம்மாள் வைத்தியத்துக்குப் புறப்பட்டார். செவ்வாயும் வெள்ளியும் காலை பஸ்ஸில் தனியாகப் புத்தூர் போய்விட்டு மத்தியானம் திரும்புவார். கட்டும் இல்லை, எண்ணெய் வாசனையும் இல்லை. கேட்டால், "எல்லாம் பயிற்சிதான்" என்பார். சாயங்காலம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை இறக்கி ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருப்பார்.

"எடது காலை மட்டும் ரொம்ப மெதுவா விடணுமாம் மாப்ள. பதறக் கூடாதாம். பதறினா மொத்தமும் உலுக்கிடுமாம்."

அறுபத்தொரு வயதில் ஒரு மனுஷி தன் காரால் இப்படிக் கஷ்டப்படுவதைப் பார்த்து, ஹேமநாத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாவது ஞாயிறு. சாய்வதைத் தடுக்க, இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கிற கம்பியைத் தடிமனாக மாற்றினான் எத்திராஜ். வளைவில் கார் சாயவில்லை. மேஜை மாதிரி திரும்பியது. ஆனால் ரோட்டோரப் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் போதும், கார் 'இல்லை, இல்லை' என்று தலையாட்டியது. அந்த ரோட்டில் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை. நாகலாபுரம் வரை கார் எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டே போனது. இந்தத் தடவை மூடி போட்டிருந்த சொம்பைத் திறந்தபோது தயிர் இல்லை. மோரும், மேலே எலுமிச்சங்காய் அளவு வெண்ணெயும் இருந்தன.

"எடது சக்கரம் பள்ளத்துல எறங்குனா, வலது சக்கரத்துக்கு அங்க இன்னா வேல?" என்று கேட்டார் வள்ளியம்மாள். "அது ஏன் தொணைக்குக் குதிக்குது?"

ஹேமநாத் இதைப் போனில் சொன்னபோது, எத்திராஜ் பக்கம் ஸ்பானர் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"சார், பதினாறு வருசமா இந்த வேல பாக்குறேன். இதைக் கேட்ட மொத கஸ்டமர் உங்க அத்தைதான்."

"அவங்க வலியில கேக்குறாங்கப்பா."

"வலிதான் சார் வாத்தியாரு. கம்பிய மெலிசாக்கிடறேன்."

தேவயானி இரண்டாவது விரலை மடக்கினாள். மூன்றாவது ஞாயிறு, எத்திராஜின் பேச்சைக் கேட்காமல் ஹேமநாத்தே வைத்தியம் பார்த்தான். பருமனான டயர் நாலு போட்டு, காற்றையும் குறைத்தான். கார் பஞ்சு மூட்டையானது. ஸ்டீயரிங் மட்டும் மண்டல் ஆபீஸ் மாதிரி ஆகிவிட்டது. விண்ணப்பம் கொடுத்தால் பரிசீலித்து, பிறகுதான் திருப்பம். வீட்டுத் தெருவுக்குத் திருப்பினான். கார் அடுத்த தெருவில் திரும்பியது.

"சொகுசாத்தான் இருக்குது மாப்ள" என்றார் வள்ளியம்மாள். "ஆனா நம்ம வூடு தாண்டிப் போச்சே."

சுற்றி வந்து நிறுத்தியதும், இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சுற்று வழியில் வலி கூடிவிட்டதாம். மூன்றாவது விரலும் மடங்கியது.

கடைசி வாரம் ஹேமநாத் நாலு நாள் லீவு போட்டு எத்திராஜின் ஷெட்டிலேயே கிடந்தான்.

"எத்திராஜ், என்னை விட்டுடுன்னு நீ சொன்னப்பவே விட்டிருக்கலாம். இப்ப கார் போகப் போவுது."

எத்திராஜ் டார்ச்சோடு காருக்கு அடியில் படுத்தான். அரை மணி நேரம் கழித்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. அதில் கறுப்பாக ஒரு வளையம். அவன் விரலால் அழுத்தியதும் அப்பளம் போல நொறுங்கியது.

"புஷ்ஷு சார். இரும்பும் இரும்பும் ஒரசாம நடுவுல இருக்கிற ரப்பரு. பதினெட்டு வருசமா மாத்தவே இல்ல. மூட்டுல சவ்வு இல்லாத ஆளுக்கு நாம சட்டை மாத்திக்கினு இருந்திருக்கோம்."

எல்லா ரப்பரையும் புதிதாகப் போட்டான். ரொம்ப மெத்தென்றும் இல்லாமல் ரொம்ப விறைப்பாகவும் இல்லாமல் ஸ்ப்ரிங், பழைய அளவில் டயர், முழுக் காற்று. குலுக்கலை அடக்குகிற ஷாக்கப்சரின் திருகை முன்னால் எட்டு, பின்னால் ஆறு என்று வைத்துவிட்டு, கண்ணை மூடிக் காரின் மூக்கை அழுத்தினான். கார் இறங்கியது, ஏறியது, நின்றது. எத்திராஜ் கையெடுத்துக் கும்பிட்டான்.

நாலாவது ஞாயிறு. நாகலாபுரம் ரோடு அதே ரோடுதான், பள்ளங்களும் அதே பள்ளங்கள்தான். ஆனால் கார் அவற்றுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. வளைவில் சாயவில்லை. திருப்பிய இடத்தில் திரும்பியது. சொம்புத் தயிரின் மேல் ஆடை கிழியவில்லை. ஹேமநாத் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். வள்ளியம்மாள் கண்ணை மூடியிருந்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு. வளைவு வரும்போதெல்லாம் அது கொஞ்சம் அகலமானது.

"அத்தை, எப்படி இருக்குது?"

"பேசாதீங்க மாப்ள. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. மூணாவது கியர்ல" என்றவர், இருமிவிட்டு, "சாமி கும்பிட்டுக்கினு இருக்கேன்" என்றார்.

வாசலில் தேவயானி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வள்ளியம்மாள் ஒரு காலை இறக்கினார். இன்னொரு காலை இறக்கினார். யாரும் பிடிக்காமல், கம்பம் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் இரண்டு கைகளும் அவசரமே இல்லாமல் இடுப்புக்குப் போய்ச் சேர்ந்தன.

"அம்மாடி!"

தேவயானி நாலாவது விரலை மடக்கினாள்.

திங்கட்கிழமை கிரண்குமார் வந்தான். ஹேமநாத் சாவியைக் கொடுத்துவிட்டுக் கையை எடுக்க மறந்து நின்றான்.

"வாங்குறவங்ககிட்ட சொல்லுங்க கிரண். முன்னால எட்டு, பின்னால ஆறு. யாரும் கை வெக்கக் கூடாது."

"அதெல்லாம் அவங்களுக்கு மனப்பாடம் சார்" என்றான் கிரண்குமார்.

புரோக்கர்கள் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவர்கள் என்று ஹேமநாத் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் முழுக்கக் கம்பெனி பஸ்ஸில் போனான். பஸ் குலுக்கிய குலுக்கலில் அவனுக்கே இடுப்புப் பிடித்துக்கொண்டது.

திருமலை நாளும் வந்தது. வள்ளியம்மாள் முதல் நாளே புத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்து ஒரு வண்டி கிடைத்திருக்கிறது, மலையடிவாரத்தில் அலிபிரியில் சேர்ந்துகொள்கிறேன் என்று போன் வந்தது. ஹேமநாத்தும் தேவயானியும் வாடகைக் காரில் கிளம்பினார்கள்.

ரேணிகுண்டா தாண்டி ஒரு பெரிய வளைவில், பின்னால் அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு உறுமல் கேட்டது. சிவப்பாக ஏதோ தாண்டிப் போனது. கறுப்புக் கண்ணாடி ஏற்றியிருந்ததால் உள்ளே யாரென்று தெரியவில்லை.

"பாத்தியா? பாத்தியா தேவயானி! கொஞ்சமும் சாயல!" என்றான். கண் கலங்கியிருந்தது. "எவனோ, நல்லா ஓட்டறான். கிளட்சை எவ்ளோ மெதுவா விடறான், சத்தத்துலயே தெரியுது பாரு!"

தேவயானி கைப்பையில் தொலையாத எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அலிபிரி சோதனைச் சாவடியில் அந்தக் கார் இரண்டு வண்டிக்கு முன்னால் நின்றது. ஹேமநாத் இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டே அதை நோக்கி நடந்தான். மலை வளைவுகளில் கடைசி நேரத்தில் பிரேக் போடாதே என்று அந்த ஓனரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனசு ஆறிவிடும்.

பாதி வழியில் ஒரு பெண் காவலாளி எதிரே வந்து நிறுத்தினாள்.

"ஹேமநாத்னா நீங்கதானே சார்? செகப்புக் கார் ஓட்டிக்கினு வந்த அம்மா அனுப்பிச்சாங்க. மலைப் பாதையில பின்னால குந்தினா மாப்ளைக்கு இடுப்பு இன்னும் புடிச்சுக்குமாம், முன்சீட்டுல வந்து குந்தச் சொன்னாங்க."