எடெல்மிராவின் பாதி வாக்கியம்

"மவுஸ அசைச்சா ஸ்பீக்கர் கொய்ங்குங்குது. இதுதான் நீ சொன்ன நல்ல மதர்போர்டா?"

கம்ப்யூட்டர் பெட்டியைக் கடை மேசைமேல் வைத்தார் லெயோந்தே. பஸ் ஓட்டுபவர். ஒப்ரேரோ பேட்டையில் பிறந்த எல்லோரையும் போல சல்சா பாட்டுப் பைத்தியம்.

கடைக்காரி யாதிரா கேட்டாள்: "பாட்டுக் கேக்கத்தானே ஐயா?"

"பாட்டுக்கு இல்லம்மா. ஒரு வார்த்தைக்கு."

முப்பது வருடத்துக்கு முன் நடந்த விருந்தில் யாரோ கேசட்டில் பதிவு செய்த பாட்டு, இப்போது கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது. பாட்டு நடுவே, அவர் மனசில் வைத்திருந்த எடெல்மிரா, "லெயோந்தே, நீ மட்டும்..." என்கிறாள். மீதி அன்றைக்கே அவர் காதில் விழவில்லை. சும்மா சிரித்துத் தலையாட்டி வைத்தார். மறுவாரம் அவள் நியூயார்க் போய்விட்டாள். கேட்டிருந்தால் தலையை எந்தப் பக்கம் ஆட்டியிருப்போம் என்று நினைத்து நினைத்து இன்னமும் ஏங்குகிறார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

ஒலிக்கென்று தனிப் பாதை வைத்த போர்டைக் கொடுத்தாள் யாதிரா.

வீட்டில் பாட்டு ஓடியதும், பேட்டை வழக்கப்படி இரும்பு மணியைக் குச்சியால் தட்டித் தாளம் சேர்த்தார்.

"அதக் கீழ வைண்ணே!" என்றாள் தங்கை ருபியேலா. "அவ நேர்ல வந்து கதவத் தட்டினாலும் உனக்குக் கேக்காது."

"இந்த மணிக்குத்தான்டி அவ அன்னிக்கு என்னத் திரும்பிப் பாத்தா."

அந்த இடம் வந்ததும் மூச்சடக்கிக் கேட்டார். கொய்ங் போயிருந்தது. ஆனால் "நீ மட்டும்" முடிந்த கையோடு 'ணங்' என்று ஒரு சத்தம்.

விசிறியே வேண்டாத போர்டுக்கு மாறினார். ணங் இன்னும் தெளிவாயிற்று. கரண்டில்தான் கோளாறு என்று, பஸ் பேட்டரியில் ஓடும் போர்டைத் தேடிப் பிடித்து மாட்டினார். இப்போது ணங் அவர் காதுக்குள்ளேயே குடிவந்துவிட்டது.

"உன் நாலாவது போர்டையும் நீயே எடுத்துட்டுப் போ" என்று யாதிராவை வீட்டுக்கே இழுத்து வந்தார். "அவ என்ன சொன்னான்னு தெரியாமலே நான் செத்துருவேன் போல இருக்கும்மா."

யாதிரா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கண்ணை மூடிக் கேட்டாள். திரும்பவும் கேட்டாள். லெயோந்தே மணியையும் குச்சியையும் நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

"போர்டுல ஒரு குத்தமும் இல்லய்யா. பாவம் அந்தம்மா, ரெண்டு வாட்டி சொல்றாங்க. ரெண்டு வாட்டியும் மைக் பக்கத்துல நின்னு மணி அடிக்கிறானே, யாருய்யா அந்தப் படுபாவி?"