இரட்டைக் காவலும் செத்துப்போன குடுவையும்

அன்பும் மரியாதையும் கொண்ட மச்சானுக்கு, உங்கள் அக்காள் கணவன் எழுதுவது. இங்கு மூவரும் சுகம். உங்கள் சுகத்தை நேரில் கேட்கத் துணிவில்லாததால் எழுத்தில் கேட்கிறேன்.

கடிதத்தின் வரிசை:

1. உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.
2. அதற்கான காரணங்கள் (கிடைத்தால்).
3. சீஸ் தொழிற்சாலையில், உங்கள் பிரிவில் வேலை பார்க்கும் என் மகளின் பாக்டீரியாவைக் கொன்றது யார்?

பாலைச் சீஸாக்கும் பாக்டீரியாவை வைரஸ் தாக்கினால் தொட்டி முழுவதும் வீண் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்காகத்தான் என் மகள் ஒரு பாக்டீரியாவுக்குள் இரண்டு தற்காப்பு முறைகளைச் சேர்த்தாள். சேர்க்கச் சொன்னவன், பழைய உயிரியல் ஆசிரியன் என்ற உரிமையில், நான். அன்று எங்கள் சாப்பாட்டு மேசையில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஒண்ணு போதும் அத்தான். ரெண்டு பேரைக் காவலுக்கு வச்சா அவங்களுக்குள்ளயே அடிச்சுக்குவாங்க." சிரிப்பு வேறு. காவல் குறைந்தால் யாருக்கு லாபம் என்று யோசித்தேன், தூக்கம் போயிற்று, இரண்டையும் சேர்த்து முடித்த அன்று அவள் அந்தப் பாக்டீரியாவைக் குடுவையில் வளர வைத்துவிட்டு வந்தாள், அறையைப் பூட்டியவர் நீங்கள், காலையில் பாக்டீரியா பெருகிக் கலங்கியிருக்க வேண்டிய குடுவை தண்ணீர் மாதிரி தெளிஞ்சு கிடக்கு, எல்லாம் செத்துப்போச்சு, நீங்களோ கதவுக் கைப்பிடியை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிட்டிருந்தீங்களாம், என்ன இருந்தது அதுல? வைரஸை உள்ளே விட்டவர் வேலையை விட்டுப் போக வேண்டும் என்கிறார் மேனேஜர். போகப்போவது என் பெண்ணா, வேறு யாராவதா? பெயர் சொல்ல மாட்டேன். உங்கள் அக்காள் சொல்வது: "என் தம்பி கதவைத் துடைச்சா குத்தம். நீங்க மூக்குக்கண்ணாடியையே துடைக்கறதில்லையே, அதை யாரு விசாரிக்கறது?" உடன்பிறந்த பாசம். சாட்சியாகக் கொள்வதற்கில்லை.

நியாயத்துக்காக இதன் நகல் ஒன்றை மேனேஜருக்குக் காலையிலேயே அனுப்பிவிட்டேன். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் எல்லாரும் நிறைவாக இருக்க வேண்டுகிறேன்.

பின்குறிப்பு: மகள் இப்போதுதான் வந்தாள். குடுவையில் வைரஸே இல்லையாம். முதல் காவல், நம் ஆள் என்று தெரிவதற்காகப் பாக்டீரியாவின் சொந்த டிஎன்ஏ மேல் முத்திரை குத்துகிறது. முத்திரை இல்லாததை வெட்டுகிறது. சில வைரஸ்கள் அப்படி ஒரு முத்திரையோடு வருமாம். அவற்றைப் பிடிக்க வந்த இரண்டாவது காவல், முத்திரை உள்ளதையெல்லாம் வெட்டுகிறது. வீட்டுக்காரனான பாக்டீரியாவையே வெட்டிப் போட்டுவிட்டது.

"சேர்த்தது நான்தான்" என்று அவள் மேனேஜரிடம் சொல்லப் போனாளாம். "அனுமதித்தது நான்தான்" என்று அவளுக்கு முன்பே நீங்கள் போய் நின்றீர்களாம். "சரி, யோசனை யாருது?" என்று மேனேஜர் கேட்டதற்கு, "மாமாவும் வாயத் திறக்கல, நானும் திறக்கலப்பா," என்கிறாள்.

யோசனை யாருடையது என்பது, காலையில் அனுப்பிய நகல் நாளைத் தபாலில் சேர்ந்ததும் அவருக்கே தெரிந்துவிடும். என் கையெழுத்து தெளிவானது.

வரிசையில் முதல் விஷயம் தவறு, மச்சான். சந்தேகம் இருந்தது.