எதிர்க்கட்சிக்கு நான் போட்ட வாய்ப்பூட்டு

ஒஸ்லோவில் முனைவர் பட்டம் வாங்கிய எந்தத் தமிழரையும் பிடித்து, படிக்கிற காலத்தில் எதற்குப் பயந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆய்வுக்குப் பயந்தேன் என்று சொல்லமாட்டார். மேற்பார்வையாளருக்குப் பயந்தேன் என்றும் சொல்லமாட்டார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "எதிர்க்கட்சி வந்திடுமோ எண்டுதான் பயந்தனான்" என்பார்.

எதிர்க்கட்சி என்பது ஒரு தனி மனிதர். ஒஸ்லோவின் ஓரத்தில், ஹொல்ம்லியாவில் வீடு. பல காலம் ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். கோடையோ பனியோ அதே மண்ணிற கோட், அதே கழுத்துப்பட்டி. வழுக்காமல் இருக்கச் சப்பாத்தில் மாட்டும் ஆணிப்பட்டியைக் கழற்ற மறந்து, பிளின்டர்ன் மேட்டிலுள்ள பல்கலைக்கழகத்துக்குள் டக் டக்கென்று நடந்து வருவார். குதிரை வருகிறதென்று முதலாம் வருடப் பிள்ளைகள் விலகி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் இந்த ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கே முனைவர் பட்டத்துக்கான கடைசி விசாரணை கதவைச் சாத்திக்கொண்டு நடப்பதில்லை. ஊரையே கூப்பிட்டு வைத்து நடக்கும். வெளியிலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்கள் 'எதிர்வாதி' என்ற பெயரில் மாணவரைப் புரட்டி எடுப்பார்கள். இடையில் விசாரணையை நடத்தும் தலைவர் மண்டபத்தைப் பார்த்து, "இங்கே இருப்பவர்களில் யாராவது எதிர்த்துக் கேட்க விரும்புகிறீர்களா?" என்பார். லத்தீனில் வாதாடிய காலத்திலிருந்து வரும் மரபாம். யாரும் எழும்பமாட்டார்கள். எழும்ப வேண்டும் என்பதற்காகக் கேட்பதுமல்ல அது. விருந்தாளி செருப்பை மாட்டிய பிறகு, "சாப்பிட்டிட்டுப் போகலாமே" என்று வாசலில் நின்று சொல்வோமே, அந்த வகை.

எதிர்க்கட்சி, அப்படிச் சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சாப்பிடுகிற ஆள்.

நாங்களெல்லாம் காலையில் கோப்பியோடு இணையத்தில் மரண அறிவித்தல் பார்ப்போம். அவர் பல்கலைக்கழகத்தின் பட்ட அறிவித்தல் பார்ப்பார். மண்ணியல், இறையியல், மாட்டுப்பால், எதுவானாலும் போவார். பழைய தேவாலயக் கதவுகளைப் பற்றி ஒருவர் ஆய்வு செய்திருந்தார். அந்தக் கதவுகளுக்குள்ளால் முதன்முதலில் யார் நுழைந்திருப்பார்கள் என்று இவர் எழும்பிக் கேட்டார். மாணவர் பதில் சொல்லத் தொடங்கினார், நிறுத்தவே இல்லை. வெளியில் கோப்பி ஆறிப் பச்சைத்தண்ணியானது. வானியல் மாணவி ஒருத்தியிடம், அந்தத் தூரத்து நட்சத்திரத்தை முதல் தரம் கண்டபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டார். அவள் அழுதுவிட்டாள். அடுத்த நாள், தமிழர் கூடும் அம்மருட் பலசரக்குக் கடையில் பேச்சு வேறு மாதிரி இருந்தது: "எதிர்க்கட்சி ஒரு பெட்டையைக் கேள்வி கேட்டே அழவைச்சிட்டுதாம்."

இன்னொரு நாள் கழிவறைக்குப் போய்விட்டு வந்தவர், தலைவரும் எதிர்வாதிகளும் மாணவரும் வரிசையாக உள்ளே போகும் ஊர்வலத்தின் வாலில் மாட்டிக்கொண்டார். ஊர்வலம் வந்தால் மண்டபம் முழுக்க எழும்பி நிற்க வேண்டும். இவர் இருபக்கமும் தலையசைத்தபடி நடந்துபோய் எதிர்வாதிகளுக்கான கதிரையில் இருந்துவிட்டார். யாரும் எழுப்பவில்லை. இந்த நாட்டில் கோட் போட்டவரை எழுப்பமாட்டார்கள்.

புதிதாக வந்த தமிழ் மாணவர்களைப் பிடித்தால் நகர நடுவிலுள்ள, தூண் வைத்த பழைய பல்கலைக்கழகக் கட்டடத்துக்குக் கூட்டிப்போய்ச் சரித்திரமும் சொல்வார். "அப்ப நோர்வேயை ஆண்ட டென்மார்க் ராசாவுக்குக் குடுக்க மனமே இல்லை. இவைக்கெண்டு பல்கலைக்கழகம் வந்தால் பிறகு தனிநாடு கேப்பினம் எண்டு பயம். கேட்டுக் கேட்டு வேண்டினவை." இருநூறு வருடத்துக்கு முந்திய அந்தப் பேச்சுவார்த்தையில் தானும் ஒரு கதிரையில் இருந்தவர் போலவே சொல்வார். சென்னையிலிருந்து வந்த ஒரு பையன், "சார், நீங்க எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டானாம். "எல்லாம்" என்றாராம்.

இதையெல்லாம் பின்வரிசையிலிருந்து ரசித்துச் சிரித்தவன் நான். என் முறை வரும்வரை.

ஐம்பது வயதில் எனக்கு முனைவர் ஆசை பிடித்தது. பனிக்காலத்தில் வீதிக்கு எறியும் உப்பு ஏரிகளுக்குள் போய் என்ன செய்கிறது என்பதுதான் ஆய்வு. "உப்பு ஏரியை உப்பாக்குது. இதுக்குப் போய் இத்தினை வருசமோ?" என்று என் மனைவியே கேட்டாள். விசாரணை நாள் குறித்ததும் என் மூளை ஏரியை விட்டுவிட்டு எதிர்க்கட்சியைச் சுற்றத் தொடங்கியது. மனைவியின் சொந்தக்காரர் வருவார்கள், வேலையிடத்து நோர்வேக்காரர் வருவார்கள், எல்லாருக்கும் முன்னால் ஆணிச் சப்பாத்தோடு அவர் எழும்பி ஏதாவது கேட்பார், நான் முழிப்பேன், கடையில் பேச்சாகும். நித்திரை போயிற்று. தலைவருக்குத் தொலைபேசி எடுத்து, அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டேன். "முடியாது. ஆனால் கவலைப்படாதீர்கள், யாரும் எழும்புவதில்லை" என்றார் அந்த அம்மா. பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒருவரைத் தவிர" என்றார்.

சனிக்கிழமைகளில் எதிர்க்கட்சி வெளிக்குளிருக்கு ஒதுங்கி ஸ்ட்ரோம்மன் பேரங்காடிக்குள் நடை பயில்வார். அங்கே போய்ப் பிடித்தேன்.

"அண்ணை, வாற வெள்ளி என்ரை நாள்."

"தெரியும் தம்பி, போட்டிருக்கினம். நல்ல விசயம் எடுத்திருக்கிறீர். நானும் ஒரு கேள்வி வைச்சிருக்கிறன்."

"அதுதான் அண்ணை. அண்டைக்கு ஒண்டும் கேளாமல் விடுவியளோ?"

அவர் நடையை நிறுத்தினார். "நான் பிழையாக் கேப்பன் எண்டு நினைக்கிறீரோ?"

"இல்லை அண்ணை. நான் பிழையாச் சொல்லிப்போடுவன்."

பொய் எவ்வளவு பணிவாக வருகிறது பாருங்கள்.

"தம்பி, அவை கூப்பிட்டுக் கேக்கினம். ஒருத்தரும் வாய் திறக்காட்டி, இவ்வளவு காலம் மினக்கெட்ட பிள்ளையின்ரை மனம் என்ன பாடுபடும்? பந்தியிலை ரெண்டாந்தரம் சோறு கொண்டு வரேக்கை ஆராவது ஒராள் இலையைக் காட்டோணும். அதுக்குத்தான் நான் எழும்புறனான். சரி, உமக்கு வேண்டாமெண்டால் வாக்கு. வாய் திறக்கன்." இரண்டடி நடந்து திரும்பினார். "வரலாமோ? அதுக்கும் தடையோ?"

"ஐயோ, வாங்கோ அண்ணை."

"ஐயோ எண்டு சொல்லிக் கூப்பிடுறீர்" என்றுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை. மண்டபத்தின் இடப்பக்கம் நேரத்துக்கு முன் வந்த நோர்வேக்காரர், வலப்பக்கம் நேரத்துக்குப் பின் வந்த தமிழர். பின்லாந்திலிருந்து வந்த எதிர்வாதி அம்மா என் ஆய்வேட்டைக் கருவாடு துப்புரவாக்குவது போலச் செதில் செதிலாக எடுத்தார். ஒரு கட்டத்தில் உப்புக்கு நோர்வேமொழிச் சொல் மறந்துபோயிற்று. உப்பைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியவனுக்கு. தண்ணீரைக் குடித்துச் சமாளித்தேன்.

தலைவர் எழும்பி, மரபுப்படி மண்டபத்தைப் பார்த்துக் கேட்டார்.

வலப்பக்கத்துத் தலைகள் எல்லாம் ஒன்றாகப் பின்னால் திரும்பின. எதிர்க்கட்சி கடைசி வரிசையில் உதட்டை இறுக்கியபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எழும்புங்கோவன்" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். தலைவர் அம்மா அவரையே பார்த்து, "இன்று உங்களிடம் கேள்வி இல்லையா?" என்றார்.

நேரே கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை. எழும்பினார். ட்ராமில் தரிப்பிடம் அறிவிக்கும் அதே தெளிவான நோர்வேமொழியில் சொன்னார்:

"இருக்கிறது. ஆனால் கேட்கமாட்டேன் என்று மாணவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

இருநூறு வருடச் சரித்திரத்தில், எதிர்த்துக் கேட்பவருக்கு முன்கூட்டியே வாய்ப்பூட்டுப் போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். தலைவர் என்னைப் பார்த்தார். பின்லாந்து அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். என் மனைவி பார்த்த பார்வையை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். எந்தச் சொந்தக்காரருக்கு முன்னால் மானம் போகக்கூடாது என்று பயந்தேனோ, அதே சொந்தக்காரருக்கு முன்னால் அது போனது. போக்கியவன் நான்தான்.

"அண்ணை, கேளுங்கோ" என்றேன். குரல் எலிக்குஞ்சு போல வந்தது.

"நோர்வேமொழியில்" என்றார் தலைவர்.

"வாக்கைத் திருப்பித் தருகிறேன். தயவுசெய்து கேளுங்கள்."

அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "நீங்கள் போன ஏரிகளில் உங்களுக்கு ஆசையான ஏரி எது?"

அவ்வளவுதான் கேள்வி. காலையிலிருந்து எண்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன், எல்லாவற்றையும் கீழே வைத்தேன். அம்மருட் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் காட்டு விளிம்பில் உள்ள சின்னக் குளத்தைப் பற்றிச் சொன்னேன். முதல் உறைபனி பிடிக்கும் நாளில் அது அடிவயிற்றிலிருந்து முனகும். அதைக் கேட்கவே அளவெடுக்கும் சாட்டில் இரண்டு தரம் போவேன். இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஆய்வேட்டில் இதற்கு இடமும் இருக்கவில்லை. சொல்லிக்கொண்டு போகும்போது கண் கரித்தது. அந்த வானியல் பெட்டை ஏன் அழுதாள் என்று அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு நான் எதிர்க்கட்சியின் சப்பாத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பட்டம் தந்தார்கள். கைகொடுக்கும்போது தலைவர் அம்மா காதருகில், "மண்டபத்திலிருந்து கேட்டவரை, மாணவர் மாலையில் கொடுக்கும் விருந்துக்குக் கூப்பிடுவது பழைய மரபு, தெரியுமல்லவா?" என்றார். தெரியாது. வெளியே ஓடிப்போய், தரிப்பிடத்துக்குப் போன மனிதரை மறித்தேன்.

"பின்னேரம் சாப்பாட்டுக்கு வரோணும் அண்ணை. கேள்வி கேட்டவையைக் கூப்பிடுறது வழக்கமாம்."

"ஓம், அப்பிடித்தான் வழக்கம்."

"அப்ப முந்தி எல்லாரும் கூப்பிட்டவையோ?"

"மறந்திருப்பினம் தம்பி. பட்டம் எடுக்கிற நாளிலை அவைக்கும் நூறு யோசினை."

விருந்து மண்டபத்தில் மனைவி மேசைமேல் பெயர் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெறும் அட்டை ஒன்றை என்னிடம் நீட்டி, "இவருக்கு என்னெண்டு எழுதுறது? எதிர்க்கட்சி எண்டோ?" என்றாள். எத்தனையோ வருடப் பழக்கம், எனக்கு அவர் பெயர் தெரியாது. கதவருகில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்ற அவரிடம் போய், நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அண்ணை, உங்கடை பேர் என்ன?" என்று கேட்டேன். சொன்னார். என் கையெழுத்து அசிங்கமானது. ஆனாலும் முடிந்தளவு அழகாக எழுதி, தூரத்து மேசையில் மிச்சமிருந்த ஒரே கதிரைக்கு முன்னால் வைத்தேன்.

அவர் வந்து, அட்டையை எடுத்து வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். பிறகு அதைக் கோட்டின் உள்பைக்குள் வைத்துக்கொண்டார். அட்டையில்லாத அந்தக் கதிரையில் மனைவியின் மாமா வந்து இருந்துவிட்டதால் எங்கே இருப்பதென்று தெரியாமல் நின்றவரை, கையைப் பிடித்துக் கூட்டிவந்து, இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருத்திக்கொண்டேன்.