உங்கள் நெஞ்செரிச்சலை நான் கொண்டுபோய்க் காட்டிய விவரம்

பாசத்துக்குரிய மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுவது. இங்கே நானும், என் வீட்டுக்காரியான உங்கள் அக்காவும் சுகம். நீங்களும் என் தங்கையும் சுகம் என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். நீங்கள் எழுதவில்லை, அவளோ போனில் அழுதுவிட்டாள். பதிலுக்கு நானும் போனிலேயே பேசலாம்தான். ஆனால் உடம்பு என்று நான் வாயைத் திறந்ததும் "சிக்னல் சரியில்ல மச்சான்" என்று வைத்துவிடுகிற ஆள் நீங்கள். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். ஆகவே ஓரிடத்தில் உட்கார்ந்து, கையில் டீ இல்லாமல், கடைசி வரை படிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரியில் நீங்கள் தூங்குவதில்லை, நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு கூடத்தில் நடக்கிறீர்கள், விடிந்ததும் ஒரு பஸ் நிறைய ஜனத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். யாரிடமாவது காட்டலாம் என்று தங்கை சொன்னால், "போனா வண்டியைத் தொடாதேன்னு எழுதிக் குடுத்துடுவாங்க, அப்புறம் நான் வீட்ல உக்காந்து என்ன பண்றது?" என்கிறீர்களாம். வேலையில் இருந்த காலம் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஊரார் ஓட்டுவதைப் பார்த்து, ஓட்டுநர் உரிமம் கொடுத்தவன் நான். ஸ்டியரிங் கையை விட்டுப் போய்விடுமோ என்கிற பயம் எனக்குத் தெரியாதா? அதனால் நானும் தங்கையும் கூடிப் பேசி ஒரு திட்டம் போட்டோம். எங்கள் பக்கத்தில் ஒரு ஆயுர்வேத வைத்தியரம்மா இருக்கிறார், ஆளைப் பார்த்து ஆளுக்குத் தகுந்த மாதிரி வைத்தியம் சொல்கிறார் என்று பேச்சு. நான் போய் உங்கள் வியாதியை என் வியாதி என்று சொல்லி, மருந்தை வாங்கி, நீங்கள் ஓட்டுகிற பஸ்ஸிலேயே உங்களுக்குக் கொடுத்து அனுப்பிவிடுவது. திட்டத்தில் ஒரு ஓட்டை கிடையாது, அந்த "ஆளுக்குத் தகுந்த மாதிரி" என்பதைத் தவிர.

போன வாரம் வங்கிக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இஸ்திரி போட்ட சட்டை, புதுச் சவரம், நாக்கை வழித்த வழிப்பில் இரண்டு நாளைக்கு உப்பும் தெரியவில்லை, உறைப்பும் தெரியவில்லை. அந்த அம்மா முதல் வேலையாக நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இதை ஏன் இப்படிச் சுரண்டி வெச்சிருக்கீங்க? இதைப் பாத்துத்தானே நான் தெரிஞ்சுக்கணும்?" என்றார். ஆரம்பமே கோணல். என்னைவிட இருபது வயது சின்னவர், மூக்கு நுனியில் கண்ணாடி, அதற்கு மேலாக ஒரு பார்வை. அந்தப் பார்வையை எனக்குத் தெரியும் மாப்பிள்ளை, தேர்வுக்கு வந்தவர்களை நானே அப்படித்தான் பார்ப்பேன். சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, சுவரில் டக்டக்கென்று அடித்துக்கொள்ளும் விசிறி, மூலையில் பாத்ரூம். அந்த பாத்ரூமை ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.

என்ன வேலை என்று கேட்டார். பஸ் ஓட்டுகிறேன் என்றேன். என்ன கஷ்டம் என்றார். தங்கை சொல்லிக் கொடுத்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன்: நெஞ்செரிச்சல், தூக்கமின்மை, முன்கோபம், பக்கத்து வீட்டு நாயோடு மனஸ்தாபம். மருந்து எழுதப்போகிறார் என்று கையை நீட்டினால், அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேள்வியை ஆரம்பிக்கிறார். எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள்? நான் எதைக் கண்டேன்! நீங்கள் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள் என்று தெரிந்துவைத்துக்கொள்ளும் அளவுக்கு நாம் நெருங்கிப் பழகவில்லையே. "ஒரு நிமிஷம்மா" என்று பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, தங்கைக்குப் போன் போட்டேன். "சுவத்தைப் பாத்துண்ணா. ஏன் தண்ணிச் சத்தம் கேக்குது?" என்றாள். வெளியே வந்து, சுவர்ப் பக்கம் என்றேன். பசி எப்போது வரும், வந்தால் பொறுக்குமா என்றார். மறுபடியும் பாத்ரூம். "பொறுக்காது, தட்டைத் தூக்கி எறியலன்னா பெரிய விஷயம்." வந்து நாகரிகமாகச் சொன்னேன். வெயில் பிடிக்குமா குளிர் பிடிக்குமா, கனவு வருமா, வந்தால் என்ன கனவு? எழுந்து நின்றேன். "மெதுவா போயிட்டு வாங்க சார், நான் எங்கேயும் போகல" என்றார், உதட்டைக் கடித்துக்கொண்டு. தங்கை போனை எடுக்கவில்லை, வேறு வழியில்லாமல் கனவை நானே இட்டுக்கட்டினேன். திரும்பி வந்து உட்கார்ந்தால், அவர் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டே கேட்கிறார்: "இப்படி அடிக்கடி எழுந்து போறது எத்தனை நாளா இருக்கு?"

இல்லாத சர்க்கரைக்கும் சேர்த்து மருந்து வாங்கிக்கொண்டு வருவேனோ என்று பயந்து, உண்மையைக் கொட்டிவிட்டேன். நான் ஓட்டுநர் இல்லையம்மா, ஓய்வு பெற்ற உரிமத் தேர்வாளன், வியாதி என் தங்கை வீட்டுக்காரருடையது என்றேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், விசிறிச் சத்தமே கேட்கவில்லை. "உங்க குடும்பத்துல யாருமே தனக்காக வைத்தியரைப் பாக்க மாட்டீங்களா?" என்றார். ஒரு மனுஷனைப் பார்த்துக் குடும்பத்தையே எடைபோடுகிறாரே என்று எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. மருந்தையாவது கொடுங்கள் என்றதற்கு, "அவர் நாடியைப் பிடிக்காம எப்படிக் குடுக்கறது? உங்களுக்கு எழுதினா உங்க உடம்புக்குத்தான் ஆகும். அதுவும் இல்லாம, நெஞ்செரிச்சல்னு நாமளே பேர் வெச்சுக்கக் கூடாது சார். முதல்ல ஆஸ்பத்திரியில இருதயத்தைச் சோதிச்சுட்டு, அந்த ரிப்போர்ட்டோட இங்க வரச் சொல்லுங்க. வண்டியைப் பிடுங்கறதுக்கு நான் இங்க உக்காரல, அவரைத் தூங்க வைக்கத்தான் உக்காந்திருக்கேன்" என்றார். இந்தக் கடைசி வாக்கியத்தை மறுபடி ஒருமுறை படிக்கவும்.

இதற்கு மேல்தான் அதிசயம். வந்தது வந்தீர்கள், உங்கள் கையைக் கொடுங்கள் என்று மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார். எனக்கு ஒரு குறையும் இல்லையம்மா என்றேன். நகத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பிறகு மெல்ல, "ராத்திரியில வலது காலை உதைப்பீங்களா?" என்றார். நான் ஆடிப்போய்விட்டேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். ஓய்வு பெற்றதிலிருந்து தூக்கத்தில் நான் பிரேக் போடுகிறேன். எவனோ எங்கேயோ இடிக்கப்போகிறான், நான் காலை ஓங்கி மிதிக்கிறேன். என் கால் படுகிற இடத்தில் உங்கள் அக்காவின் முழங்கால் இருக்கிறது. பாவம், அவள் கூடத்து சோபாவுக்குக் குடிபோய்விட்டாள். கேட்டால், சோபாதான் இடுப்புக்கு இதம் என்பாள். இந்த வயதில் தனியாகப் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. இதெல்லாம் நாடியில் தெரிந்துவிட்டது மாப்பிள்ளை! வலது கால் என்பது வரைக்கும்! அப்பேர்ப்பட்ட கைராசிக்காரியிடம் காட்டாமல் நீங்கள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டிருப்பது அறிவீனம் இல்லையா?

எனக்குச் சொன்னது பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. இருட்டியபின் டீ கிடையாது, ராத்திரிச் சாப்பாடு சீக்கிரம், படுக்கும்முன் உள்ளங்காலில் வெதுவெதுப்பான எண்ணெய், குடிக்க ஒரு கஷாயம். அதன் ருசியை எழுதினால் நீங்கள் வரமாட்டீர்கள். எண்ணெய் எங்கே என்று கேட்டேன். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் உங்கள் அக்கா எடுத்துக் கொடுத்தாள். இன்னும் பிரேக் போடுகிறேன், ஆனால் அழுத்தம் குறைந்திருக்கிறது. முந்தாநாள் அவள் கட்டிலுக்குத் திரும்பி வந்துவிட்டாள், நடுவில் பெரிய தலையணை ஒன்றை வைத்துக்கொண்டு. எனக்கு அதுவே போதும்.

ஆகவே மாப்பிள்ளை, பயத்தை விடுங்கள். என்னைப் போல் தைரியமாக முன்னால் போய் நில்லுங்கள். உங்கள் வண்டியில் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்கட்டும், உங்கள் கண் மூட வேண்டிய நேரத்தில் மூடட்டும். தங்கைக்கு என் ஆசி. பக்கத்து வீட்டு நாயையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் நலனில் கண்ணாக இருக்கும் மச்சான்.

பி.கு.: உறையை ஒட்டும்முன், ஒளித்தது போதும் என்று உங்கள் அக்காவுக்கு இதை உரக்கப் படித்துக் காட்டினேன். பாத்ரூம் வந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். நாடி வந்த இடத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நாடியும் இல்ல, ஒண்ணும் இல்லைங்க. போன மாசம் வண்டி இங்க நின்ன அன்னிக்கு உங்க மாப்பிள்ளை அந்தம்மாகிட்ட போனாரு. உங்களுக்காக! ரிடையர்டு தேர்வாளர்னு சொல்லிக்கிட்டு உங்க காலைப் பத்திச் சொல்லியிருக்காரு. நாலு தடவை அந்த பாத்ரூம்ல இருந்து எனக்குப் போன் பண்ணினாரு" என்கிறாள். ஒருநாள் சமையலறையில் இவள் போனில், "மல்லாந்துதான்… இல்ல, குறட்டை அப்புறம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்டதற்கு, சொந்தத்தில் பிறந்த குழந்தையைப் பற்றி என்றாள். பச்சைக்குழந்தை குறட்டை விடுகிறதே என்று நானும் கவலைப்பட்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன் மாப்பிள்ளை. மேலே எழுதிய புத்திமதி எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். இருதயச் சோதனை மட்டும் அடிக்கப்படவில்லை. அதை முடித்துக்கொண்டு, அடுத்த தடவை வண்டி இங்கே நின்றதும் நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள், இரண்டு பேருமாகப் போவோம். அந்த நாற்காலி கடிக்காது என்று உங்களுக்குத்தான் முன்பே தெரியுமே. உங்கள் நெஞ்சைப் பற்றி நான் சொல்கிறேன், என் காலைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள். நமக்கு மற்றவர் வியாதிதானே மனப்பாடம்.